கணுவைப் பார்த்து வெட்டுங்கள்: திருமலை வீட்டில் மணி பிளான்ட் பெருக்குவது எப்படி

திருகோணமலையில், உவர்மலையில் வாடகைக்கு இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு அன்ரியின் மதிலில் தொங்கிய மணி பிளான்ட் கொடியில் இருந்து நல்ல இலைகளாகப் பார்த்து ஏழு இலை கிள்ளிக்கொண்டு வந்தேன். கேட்டுத்தான் எடுத்தேன், களவெடுத்து வைத்தால்தான் காசு பெருகும் என்று சொல்வார்களே, அந்தத் துணிவு எனக்கில்லை. ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி, இலைகளை அதில் செருகி, குசினி யன்னலில் வைத்தாயிற்று. இலைகள் வாடவில்லை. ஒரு மாதம் போக, இரண்டு இலைக்குக் காம்பின் அடியில் மெல்லிய வேர்கூட வந்தது. சந்தோஷத்தில் அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேர் கிடக்குது, கணு எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

மூன்று மாதம் கழிந்தும் அந்த ஏழு இலையும் ஏழு இலையாகவே இருந்தன. எட்டாவது வரவே இல்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மணி பிளான்ட் சாகவே சாகாத செடி, எங்கே குத்தினாலும் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கணு இருக்கும் துண்டு எங்கே குத்தினாலும் வரும். கணு இல்லாத இலை எத்தனை மாதம் பச்சையாக நின்றாலும், வேரே விட்டாலும், கொடியாகாது, ஏனென்றால் புதுத் தளிர் கிளம்புகிற மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலையில் இல்லை. வற்றாளங்கொடி நட்டவர்களுக்கும் வெற்றிலைக் கொடி வைத்தவர்களுக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கை தானாகவே கணுவைத் தேடும். என்னைப் போலப் போத்தலோடு தொடங்கியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கணு என்பது எது

கொடியைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்து, ஒரு வளையம் போட்டது போல இருக்கும். அதுதான் கணு. அநேகமாக அங்கேயே மண்ணிறத்தில் ஒரு சின்ன முண்டு, பருத்துப் போன மரு மாதிரி, வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அது காற்றுவேர். சுவரிலோ தென்னையிலோ ஏறுகிற கொடியில் அது நீண்டு பிடித்துக்கொள்ளும், சாடியில் தொங்குகிற கொடியில் முண்டாகவே நின்றுவிடும். தண்ணீரோ ஈரமண்ணோ பட்டதும் முதலில் நீளுவது இந்த முண்டுதான். அதனால் துண்டு தெரியும்போது காற்றுவேர் தள்ளியிருக்கும் கணுவாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காம்புக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள அக்குளில் மொட்டு இருக்கிறது. எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று குழப்பம் வந்தால் (கொடியைத் துண்டுதுண்டாக வெட்டி மேசையில் பரப்பிய பிறகு கட்டாயம் வரும்) இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: அக்குள் இருக்கும் பக்கம் மேல்.

நுனிக் குருத்து இருக்கும்வரை கொடி நீளத்தான் பார்க்கும். நுனியில் உருவாகிக் கீழே இறங்கும் ஒக்சின் என்ற வளர்ச்சிப்பொருள், கீழே உள்ள மொட்டுகளைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை விலகி, வெட்டுக்குக் கீழே உள்ள கணு விழிக்கும். எனவே வெட்டினால் தாய்க்கொடி பாழாகிவிடுமே என்று பயப்படாதீர்கள், அது கிளைத்துக்கொண்டு அடர்த்தியாக வரும். மொட்டையாக நீண்டு, அடியில் இலை இல்லாமல், நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும் கொடிகளை நான் இரக்கமே இல்லாமல் வெட்டுகிறேன்.

இன்னொரு விஷயம். இந்தச் செடியை விதை போட்டு வளர்க்க முடியாது. எபிப்ரெம்னம் ஓரியம் என்பது இதன் தாவரவியல் பெயர், சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு. சேம்பு இனத்துக்குச் சொந்தக்காரன். பூப்பதற்குத் தேவையான கிபரெலின் என்ற ஹோர்மோனை இது போதுமான அளவு உண்டாக்குவதில்லை என்று 2016இல் வந்த ஆய்வொன்று காட்டியது. பூவே அபூர்வம் என்றால் விதைக்கு எங்கே போவது? நம் வீட்டில் இருப்பதும், கொழும்பில் ஒரு கந்தோர் மேசையில் இருப்பதும், யாரோ யாருக்கோ வெட்டிக் கொடுத்த துண்டிலிருந்து வந்தவைதான். ஆகவே 'மணி பிளான்ட் விதை' என்று இணையத்தில் பக்கெட் போட்டு விற்பதைக் கண்டால் காசை விடாதீர்கள்.

எப்போது, எதை வெட்டுவது

நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுக்க வைக்கலாம். ஆனால் நான் விரும்புவது மாசி முதல் சித்திரை வரை. வாடை மழை ஓய்ந்து, சூடு ஏறி, ஆனால் கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்காத இடைவெளி அது. கச்சான் காற்று வீச ஆரம்பித்துவிட்டால், வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும், வேர் இல்லாத துண்டிலிருந்து இலை வழியாகத் தண்ணீர் போகிற வேகம் அது குடிக்கிற வேகத்தைவிடக் கூடிவிடும். காலையில் வைத்தது மாலையில் துவண்டு கிடக்கும். அந்தக் காலத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குள்ளே, காற்று நேரே படாத மூலையில் வையுங்கள்.

துண்டுக்குத் தெரிவு செய்யும் பகுதி நுனியும் வேண்டாம், அடியும் வேண்டாம். நுனிக் குருத்து மெத்தென்று இருப்பதால் கெதியில் அழுகும். அடித்தண்டு மரத்துப்போய்ச் சோம்பலாக இருக்கும், வரும், ஆனால் ஆறுதலாக வரும். நடுப்பகுதிதான் நல்லது. ஒரு 6 அடிக் கொடியில் 15, 20 கணுவாவது இருக்கும், அதனால் பஞ்சமில்லை.

புது பிளேட் ஒன்றையோ நல்ல கூரான கத்தியையோ எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். மொக்கைக் கத்தரிக்கோலால் வெட்டினால் தண்டு நசியும், நசிந்த இடம்தான் முதலில் அழுகும். கணுவுக்குக் கீழே ஒரு சென்டிமீற்றர் விட்டு வெட்டுங்கள், மேலேயும் அதேபோல. ஒரு கணு, ஒரு இலை இருந்தால் போதும். தொடக்கக்காரர் என்றால் இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக எடுங்கள், ஒன்று அழுகினாலும் அடுத்தது கைகொடுக்கும். கீழ்க்கணுவில் இருக்கும் இலையைக் கிள்ளிவிட வேண்டும், அது தண்ணீருக்குள் கிடந்தால் நாறும்.

வெட்டும்போது வடியும் சாறு கையில் பட்டால் சிலருக்குக் கடிக்கும். சேம்பு வெட்டும்போது கை அரிக்குமே, அதே கதைதான், அதே கல்சியம் ஒக்சலேற் ஊசிகள்தான். சின்னப்பிள்ளைகளோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும். வெட்டி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள், நான் ஒரு தடவை தொட்டேன்.

வெட்டிய துண்டுகளை நிழலில் அரை மணி நேரம் அப்படியே போட்டுவையுங்கள், வெட்டு வாய் கொஞ்சம் காயட்டும். சிலர் கறுவாத்தூள் தொட்டு வைப்பார்கள், சிலர் கற்றாழைச் சோறு. மணி பிளான்டுக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இளநீரில் ஊறவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். வேர் வருவதற்கு முன் எறும்பு வரும், அப்புறம் புளித்த மணம் வரும்.

தண்ணீரில் வைப்பது

பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த வழி இதுதான், வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால். கணு தண்ணீருக்குள், இலை தண்ணீருக்கு வெளியே, இதற்கு மேல் இதில் இரகசியம் இல்லை. மண்ணிறப் போத்தல் கிடைத்தால் நல்லது, தெளிந்த கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். ஒரு போத்தலில் நாலைந்து துண்டுக்கு மேல் திணிக்காதீர்கள். நேர் வெயில் வேண்டாம், ஆனால் இருட்டறையும் வேண்டாம். புத்தகம் வாசிக்கக்கூடிய வெளிச்சம் உள்ள யன்னலோரம் போதும்.

ஒன்றிரண்டு கிழமையில் முண்டிலிருந்து வெள்ளையாக வேர் நீளும்.

தண்ணீர் விஷயத்தில்தான் திருமலைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிற்பாடு நிலாவெளிப் பக்கம் வீடு மாறியபோது கிணற்றுத் தண்ணீரில் வைத்த துண்டுகள் எல்லாம் இலை நுனியில் மண்ணிறமாகக் கருகத் தொடங்கின. உரம் கூடிவிட்டதோ, பூச்சியோ என்று என்னென்னவோ யோசித்து, கடைசியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் உவர். கடலுக்குக் கிட்டவுள்ள கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் கூடும், நாக்குக்குத் தெரிகிற அளவு உப்பு வந்தால் வேர் எப்போதோ உணர்ந்திருக்கும். குழாய்த் தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். குளோரின் மணம் அடித்தால் ஒரு இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் நல்லது.

இரண்டாவது, நுளம்பு. சிரிக்க வேண்டாம், போத்தலில் வைத்த மணி பிளான்ட் டெங்கு நுளம்புக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு. தெளிந்த, அசையாத, நிழலில் உள்ள தண்ணீர். அதற்கு வேறென்ன வேண்டும்? முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வர, நம்முடைய சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள் போதும். எனவே மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது: டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, போத்தலின் உள்சுவரில் ஒட்டிவிடும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். போத்தல் கழுவும் தூரிகையால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வேரையும் ஒருதடவை ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். போத்தல் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சால் அடைப்பது இன்னும் நல்லது. மழைக்காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு வீடாக வரும்போது டயர், சிரட்டைக்கு அடுத்ததாக எட்டிப் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான், குடம்பி கண்டால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தண்டப்பணத்தை விட்டுவிடுங்கள், வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால் என்னாகும்?

இந்தக் கரைச்சலே வேண்டாம் என்கிறவர்கள் நேரே மண்ணுக்குப் போங்கள். நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

மண்ணில் வைப்பது

முற்றத்து மண்ணைக் கிண்டிச் சாடியில் போடாதீர்கள். நம் கரையோர மண் ஒன்றில் வெறும் மணல், தண்ணீர் நிற்காது, இல்லாவிட்டால் உப்பு. கடற்கரை மணல் பக்கமே போகவேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆற்றுமணலாகத் தேடுங்கள், வீடு கட்டுகிற யாரிடமாவது ஒரு சிறங்கை கேட்டால் தருவார்கள். என் கலவை இது: தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக உக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. பச்சை எரு போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். கையில் எடுத்து மோந்தால் சாணி மணம் அடிக்காமல் மண் மணம் அடிக்க வேண்டும். தும்புத்தூளை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள், இரண்டு மூன்று தரம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் அதிலும் உப்பு இருக்கும்.

சாடி பெரிதாக வேண்டாம். யோகட் கோப்பையின் அடியில் நாலு ஓட்டை போட்டால் அது போதும், செலவும் இல்லை. பெரிய சாடியில் சின்னத் துண்டை வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடந்து புளிக்கும். கலவையை நனைத்து, கைப்பிடியில் இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழும் பதத்தில், கணு மறையும் அளவுக்குத் துண்டைப் புதைத்து விரலால் அழுத்திவிடுங்கள். ஒரு தெளிந்த பொலித்தீன் பையைக் கூடாரம் மாதிரி மேலே கவிழ்த்து நிழலில் வைத்தால் உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு நாளுக்கு ஒருதரம் பையைத் தூக்கிக் காற்று விடுங்கள். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பைக்குள் அவிந்துபோகும்.

மூன்று நாலு கிழமை கழித்து இலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுவைக்கு எதிர்த்துப் பிடித்தால் வேர் வந்துவிட்டது. தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பொறுமை இல்லாத என் தம்பி அப்படித்தான் ஆறு துண்டைச் சாகடித்தான்.

தண்ணீரில் வேர்விட்டதை மண்ணுக்கு மாற்றுவது எப்போது என்றால், வேர் ஒன்றரை, இரண்டு அங்குலம் வந்ததும். இன்னும் நீளட்டும் என்று மாதக்கணக்கில் விட்டால், தண்ணீரில் பழகிய அந்த மெல்லிய வேர்கள் மண்ணில் சிரமப்படும், இலை துவண்டு மஞ்சளாகும். மாற்றிய முதல் பத்து நாள் மண்ணைக் கொஞ்சம் கூடவே ஈரமாக வைத்திருங்கள், பிறகு மெல்லமெல்லக் குறையுங்கள்.

வெட்டவே கைவராதவர்களுக்கு

பதியம் போடலாம். தாய்க்கொடிக்குப் பக்கத்தில் மண் நிரப்பிய கோப்பையை வைத்து, கொடியை வெட்டாமல் வளைத்து, ஒரு கணுவை மண்ணில் அழுத்தி, ஈர்க்கை வளைத்துக் கொக்கி மாதிரிக் குத்திவிடுங்கள். தாயிடமிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருப்பதால் துண்டு வாடவே வாடாது. ஒரு மாதத்தில் வேர் பிடித்ததும் நடுவில் வெட்டிவிட்டால் சரி. கச்சான் காலத்தில் இதுதான் ஒரே நிம்மதியான வழி, தோற்றவர்களை நான் கண்டதில்லை.

பிறகு

ஒரே சாடியில் ஒரே துண்டை நட்டுவிட்டு ஏன் அடர்த்தியாக வரவில்லை என்று கேட்காதீர்கள். கடைகளில் செழித்துத் தொங்கும் சாடிகளைக் கிளறிப் பார்த்தால் ஒன்றில் பல துண்டுகள் இருக்கும். வேர்விட்ட துண்டுகள் ஐந்தாறை ஒரு எட்டு அங்குலச் சாடியில் சுற்றிவர நடுங்கள்.

விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இந்தச் செடியைக் கொல்வது வரட்சியல்ல, அன்பு. இலை மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். இலை துவண்டு மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், பின்னேரத்துக்குள் நிமிர்ந்துவிடும். தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆகி மணத்தால் அதை மீட்க முடியாது. நல்ல கணு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அழுகிய இடத்துக்கு மேலே வெட்டிப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். கணுவிடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கண்டால் மாவுப்பூச்சி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுங்கள், மற்றச் சாடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

இலையில் உள்ள மஞ்சள் கீறல்கள் மறைந்து முழுப்பச்சையாகிறது என்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். விறாந்தையில் காலை வெயில் மட்டும் படும் பக்கம் வையுங்கள், மேற்கு வெயில் இலையைச் சுட்டு வெள்ளைத் தழும்பாக்கிவிடும். தொங்கவிட்டால் இலை சின்னதாகவே இருக்கும், பொச்சு கட்டிய ஒரு கம்பில் ஏற்றிவிட்டால் பெரிதாகிக்கொண்டே போகும். மரத்தில் ஏறிய கொடியின் இலை ஒரு சுளகு அளவுக்கு வந்து ஓரம் கிழிவதைப் பார்த்தவர்கள் இது வேறு செடி என்றே நினைப்பார்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1989இல் நாசா செய்த அந்தச் சோதனை மூடிய பெட்டிக்குள் செய்தது. யன்னல் திறந்து கடற்காற்று வாங்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. வடிவாக இருக்கிறது என்பதற்காக வையுங்கள்.

கடைசியாக, மிச்சத் துண்டுகள். வெட்டி முடித்தால் ஒரு கூடை நிறையக் கழிவு சேரும். அதை வளவுக்குப் பின்னாலோ பற்றைக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ எறியாதீர்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு கொடி என்று இவ்வளவு நேரம் சொன்னது குப்பைக்கும் பொருந்தும். கண்டியில் உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி நிலத்தையும் மரங்களையும் மூடிப் பெரும் தொல்லையாகிவிட்டது, இங்கே அதைத் தின்று கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை. நான் கழிவைத் தகரத்தில் பரப்பி, கச்சான் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுத்தான் கூட்டெருக் குழியில் போடுகிறேன். மழைக்காலத்தில் என்றால் கறுப்புப் பையில் கட்டி வெயில் வரும்வரை வைத்திருப்பேன். ஒருமுறை அந்தப் பைக்குள்ளேயே இரண்டு துண்டு வேர்விட்டுக் கிடந்தது, அவை இப்போது அன்ரி வீட்டில் நிற்கின்றன.